வாசலில் வைத்த கத்தாழை

அந்தச் செடியை வாங்கியது நான்தான். என் கணவர் வேண்டாம் என்றுதான் சொன்னார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் வீடு. நடந்துபோகும் தூரத்தில் என் கணவர் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்திருந்தார். பம்பு செய்கிறவர்களுக்கு உதிரிச் சாமான்கள் கடைந்து கொடுப்பது தொழில். மாமனார் காலமாகிவிட்டதால் அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடுதான் இருந்தார். மகள் எல்.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கோடையில் பட்டறைக்கு லீவு விட்டு எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனார். திரும்பும் வழியில் மேட்டுப்பாளையத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. அங்கே ரோட்டோரம் ஒரு நர்சரி இருந்தது. பஸ்ஸில் எங்களோடு வந்த பெண்களெல்லாம் ரோஜாவையும் டேலியாவையும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஒரு கறுப்புப் பையில் இருந்த அதைப் பார்த்தேன்.

உள்ளங்கையில் அடங்கும் அளவு. கரும்பச்சையில் தடித்த இலைகள், முட்டைக்கோஸ் போல நெருக்கமாக ஒன்றையொன்று அணைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு இலையின் ஓரத்திலும் யாரோ சாக்பீஸால் கோடு இழுத்ததுபோல வெள்ளை. நுனியில் மட்டும் கறுத்த ஒற்றை முள். பேரைக் கேட்டேன். கடைக்காரர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார், மனசில் நிற்கவில்லை. பிறகு, "ராணிக் கத்தாழைன்னு வெச்சுக்கங்க. பெருசாவும் வராது, வெரசாவும் வராது" என்றார்.

என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மிணி, உங்க காட்டு வேலியோரம் கெடக்கற கத்தாழை பத்தலைன்னா இங்க வந்து வாங்கற?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நான் வெள்ளகோவில் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவள். எங்கள் வேலி நெடுக ஆளுயரக் கத்தாழை நிற்கும். கிணறு வற்றி, சோளத்தட்டு காய்ந்து, ஆடுகள் மண்ணை முகர்ந்துகொண்டு அலைகிற சித்திரையிலும் அது மட்டும் பச்சையாக நிற்கும். அதை யாரும் செடி என்று மதித்ததில்லை. கோயமுத்தூருக்கு வந்தபின் வாசலில் ரோஜா வைத்தேன், மல்லிகை வைத்தேன். குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த காலத்தில் அவை பிழைத்தன. வாரத்துக்கொருமுறை என்று ஆனபோது செத்தன. தண்ணீர் கேட்காத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. வாங்கிவிட்டேன். கிண்டல் செய்தாலும், வீடு வரைக்கும் பஸ்ஸில் தன் இரண்டு கால்களுக்கு நடுவில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தவர் அவர்தான்.

மண்தொட்டியில் நட்டு வாசல் திண்டின்மேல் வைத்தேன். முதல் மழைக்காலத்திலேயே அதைச் சாகக் கொடுக்க இருந்தேன். அத்தைக்கு எந்த உயிரும் காயக்கூடாது. தினமும் துளசிக்கு ஊற்றும் கையோடு அதற்கும் ஒரு செம்பு ஊற்றியிருக்கிறார். அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று வந்தன. பிடுங்கிப் பார்த்தால் பாதி வேர் கறுத்துப்போயிருந்தது. அழுகியதையெல்லாம் அறுத்துவிட்டு, செடியை வேரோடு நிழலில் காயப்போட்டேன். அறுத்த இடம் நன்றாக வறண்ட பிறகு ஆற்றுமணலும் உடைத்த செங்கல்லும் கொஞ்சமே கொஞ்சம் மண்ணும் கலந்து மறுபடி நட்டேன். அத்தை ரொம்ப வருத்தப்பட்டார். தண்ணீர் ஊற்றினால் சாகிற செடி உலகத்தில் உண்டா என்று பலநாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது பிழைத்துக்கொண்டது. ஆனால் வளர்வதே கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் கூம்புபோல மூடியிருக்கும் குருத்திலிருந்து ஒரு இலை பிரிந்து வெளியே சாய்வதற்குள் ஒரு பருவமே போய்விடும். அப்படிப் பிரிந்த இலையின் முதுகில், அதுவரை அதை ஒட்டிக்கொண்டிருந்த அடுத்த இலையின் தடம் பதிந்திருக்கும். என் கணவர் காலையில் செருப்பு மாட்டும்போது குனிந்து பார்த்துவிட்டு, "உன்ற மகாராணி இன்னைக்காச்சும் வளந்தாளா?" என்று கேட்பார். நான் "நேத்தைக்கு இன்னைக்கு எச்சுங்க, ஒரு நூலு கூடியிருக்கறா" என்பேன். தினமும் இதே கேள்வி, இதே பதில். எங்களுக்கு அலுத்ததில்லை.

இரண்டாம் வருஷம் தொட்டியின் ஓரத்தில் மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. மகள் தெருவிலிருந்த பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள்.

அந்த வருஷம்தான் அவர் போனார். சத்தியமங்கலத்தில் ஒரு மில்காரருக்குச் சாமான் கொடுத்துவிட்டு, நல்ல பகலில், பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தார். பாரம் ஏற்றிய லாரி ஒன்று முந்துவதற்காக ரோட்டின் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப்பற்றி எழுத எனக்கு இப்போதும் கை வருவதில்லை.

கருமாதியன்று வீடு நிறைய ஆட்கள். சாப்பாடு முடிந்து பெண்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை முறையான ஒருவர் திண்டின்மேல் இருந்த தொட்டியைப் பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாக இங்கே இருக்கிறது என்று விசாரித்தார். யாரோ சொன்னார்கள். அவர் மூக்கின்மேல் விரலை வைத்து, "முள்ளுச்செடிய வாசல்ல வெச்சா ஊட்டு ஆம்பளைக்கு ஆகாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே. யாரு வெச்சது இத?" என்றார்.

நான் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

பொழுது சாய்வதற்குள் அது வீடு முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் தன் ஊரில் கள்ளி வைத்த வீடு நொடித்துப்போனதைச் சொன்னார். இன்னொருவர் வாஸ்துவில் அப்படித்தான் இருக்கிறது என்றார். அந்த வருஷங்களில் ஊரெல்லாம் வாஸ்து பேச்சுத்தான். வாசலை மாற்றுகிறவர்கள், நல்ல கிணற்றை மூடுகிறவர்கள், படிக்கட்டை இடித்துத் திருப்பிக் கட்டுகிறவர்கள் என்று எங்கு பார்த்தாலும் அதே வேலை. பேசியவர்கள் ஒருவர்கூட லாரியைப் பற்றிப் பேசவில்லை. அதை ஓட்டியவனை யாரும் திட்டவில்லை. அவனை அவர்களுக்குத் தெரியாது. என்னைத் தெரியும்.

எல்லோரும் போனபின் அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்காமல், "அத எடுத்து அக்கட்டால போட்டுரு கண்ணு" என்றார். குரலில் கோபமே இல்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர், பிடித்துக்கொள்ள ஏதாவது ஒரு காரணம் தேடினார். அது எனக்குப் புரிந்தது. புரிந்தும் முடியாது என்றேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவருக்கு நான் முடியாது என்று சொன்னது அதுதான் முதல்முறை. அவர் எழுந்து போய்விட்டார். மறுநாளிலிருந்து முன்வாசல் வழியாக வருவதை நிறுத்திக்கொண்டார். பால் வாங்க, கோயிலுக்குப் போக, எதற்கானாலும் பின்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு சந்து வழியாகச் சுற்றி நடப்பார்.

என் கணவரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், சரவணம்பட்டியில் இருந்தார். கெட்டவர் இல்லை. தம்பி போனபின் வாரம் தவறாமல் வந்து, பட்டறையைப் பூட்டிவிடலாமா, யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று எனக்காகவும் சேர்த்துக் கவலைப்பட்டார். ஒருநாள் மத்தியானம் வாஸ்து பார்க்கும் ஒருவரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கையில் திசைகாட்டியோடு வீட்டைச் சுற்றி வந்தார். அடுப்பு சரியில்லை, தண்ணீர்த் தொட்டி சரியில்லை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். அவர் வாயைத் திறக்கும் முன்பே அண்ணனுக்குத் தெரிந்திருந்தது. அண்ணன்தான் முன்கூட்டியே சொல்லிவைத்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. "இது இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுல எதுவும் வெளங்காதுங்க" என்றார் அந்த ஆள்.

அண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். அங்கே கார்ப்பரேஷன் குப்பைத்தொட்டி இருந்தது. மண்தொட்டி உடைகிற சத்தம் வீடு வரைக்கும் கேட்டது.

புருஷனைப் பறிகொடுத்தவள் சில மாதங்கள் வாசல்படி தாண்டக்கூடாது என்பது எங்களில் வழக்கம். நானும் அதுவரை தாண்டவில்லை. செருப்புகூட மாட்டாமல் இறங்கி நடந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம். தெருவில் ஆட்கள் இருந்தார்கள். அரிசி புடைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா முறத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். எதிரே திரும்பி வந்த அண்ணன் "அம்மணி, உள்ள போ" என்றார். நான் அவரைக் கடந்துபோய், குப்பைத்தொட்டியின் சிமெண்டு வளையத்துக்குள் கையை விட்டேன். எட்டவில்லை. உள்ளே இறங்கினேன். வாழைத்தோலும் சாம்பலும் எச்சில் இலையுமாகக் கிடந்ததை விலக்கி, வேரோடு ஒட்டியிருந்த மண்ணையும் சேர்த்து எடுத்தேன். குட்டி தனியாகப் பிய்ந்து கிடந்தது. அதையும் தேடி எடுத்தேன். சேலை முந்தானையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தபோது முட்கள் முன்கையில் குத்தின. ரத்தம் வந்தது வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். அவர் பின்னால் வாஸ்துக்காரர். உள்ளே நிலைப்படிக்கு அந்தப்பக்கம் அத்தை. மூவருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

"மாமா, இத நான் தூக்கிப் போட்டுட்டா, அவரு செத்ததுக்கு நாந்தான் காரணமுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்க. நாளைக்கு என்ற புள்ள பெருசாயி, எங்கம்மாதான் எங்கப்பன முழுங்கிப்போட்டான்னு நெனைக்கும். நான் ஒத்துக்க மாட்டேனுங்க. நீங்க இன்னொருக்கா இதத் தொடாதீங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அப்படியெல்லாம் யார் சொன்னார்கள் என்று ஏதோ முணுமுணுத்தார். கூட வந்தவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன்பின் வாராவாரம் வருவதும் நின்றது. அன்றிரவு, என் கணவர் போன நாளிலிருந்து முதல்முறையாக, விடியும்வரை தூங்கினேன்.

மறுநாள் காலையில் குளித்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பட்டறைக்குப் போனேன். படி தாண்டியாகிவிட்டது, இனி எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்? அங்கே லேத் ஓட்டும் கடைசல்காரர்கள் இரண்டுபேர் வேலை இல்லாமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் ஓட்டை விழுந்து தள்ளுபடியான பம்பு வார்ப்புகள் குவிந்து கிடந்தன. அதில் பெரிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தொட்டிபோலவே வாயகன்றது, அடியில் தண்ணீர் வடிய வழியும் இருந்தது. இரும்பு, ஒரு ஆள் தூக்க முடியாது. கடைசல்காரர்கள் இருவரும் கைவண்டியில் வைத்துக் கொண்டுவந்து வாசலில், காலை வெயில் விழுந்து மத்தியான வெயில் படாத இடமாகப் பார்த்து இறக்கினார்கள். இரும்பு சூடேறி வேரைச் சுடாமல் இருக்க உட்பக்கம் சுற்றிலும் ஓட்டுச்சில்லு அடுக்கினேன். தாயை அதில் நட்டேன். குட்டியைக் காயவைத்து ஒரு சின்னத் தொட்டியில் நட்டேன்.

"இதை இனி எவனும் தூக்கிட்டுப் போக முடியாதுங்க அக்கா" என்றார் மூத்த கடைசல்காரர். அதற்குத்தான் என்றேன்.

பட்டறையை நான் மூடவில்லை. வெர்னியர் பிடித்து அளவு பார்க்கவும், எந்தச் சாமான் தேறும் எது தேறாது என்று பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பம்புக் கம்பெனிகளின் கேட்டில் போய் நின்றால் முதலில் என்னை யாருக்கோ சாப்பாடு கொண்டுவந்தவள் என்றுதான் நினைப்பார்கள். நின்றுகொண்டே இருப்பேன். எப்படியும் ஒருவர் கூப்பிட்டுத்தான் ஆகவேண்டும்.

செடிக்கு மாவுப்பூச்சி வந்தது. இலை இடுக்கில் வெள்ளையாக அப்பிக்கொள்ளும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷில் சோப்புத் தண்ணீர் தொட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தேய்த்து எடுப்பேன். ஐப்பசி மழைக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துவைப்பேன். தெருவில் போகிறவர்கள் அதைப் பார்த்து ஒதுங்கி நடப்பார்கள். சிலர் நான் பார்க்கும்படியே ஒதுங்கினார்கள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு வந்த உறவுக்காரர்கள் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அந்தண்டை இழுத்துப்போனார்கள். மகள் ஒருநாள் அழுதுகொண்டே வந்தாள். அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, உங்கள் வீட்டில் பேய்ச்செடி இருக்கிறதாமே என்று கேட்டிருக்கிறாள். நாளைக்கு அவளைக் கூட்டிவந்து தொட்டுப்பார்க்கச் சொல் என்றேன். அந்தப் பிள்ளை வந்தது. வெள்ளைக் கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, இதை நீங்கள் பெயிண்ட் அடித்தீர்களா ஆண்ட்டி என்று கேட்டது.

தாயின் அடியில் மேலும் குட்டிகள் வந்தன. யாருக்கும் வேண்டாம் என்பதால் பிரித்துப் பிரித்துச் சின்னத் தொட்டிகளில் நட்டு மதில் ஓரம் வரிசையாக வைத்தேன். ஒரு முள்செடிக்கு அவ்வளவு பேச்சு என்றால் இத்தனைக்கு எவ்வளவு பேசுவார்களோ, பேசட்டும் என்று இருந்தது.

அடுத்த தெருவில் ஒரு பெண். என்னைவிடச் சின்னவள், சின்னச் சின்னதாக இரண்டு பிள்ளைகள். அவள் புருஷன் மாரடைப்பில் போய்விட்டான். அவள் வந்த ராசி சரியில்லை, அவள் நட்சத்திரம் சரியில்லை என்று அந்த வீட்டில் பேச்சு. அது எல்லோருக்கும் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பூச்சி தேய்த்துக்கொண்டிருந்தபோது கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏனுங்க அக்கா, இதுல ஒரு குட்டி கெடைக்குமுங்களா?" என்றாள்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். மணல் எவ்வளவு, செங்கல் எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளேயிருந்து, நிலைப்படிக்கு அந்தப்பக்கத்திலிருந்தே, அத்தையின் குரல் வந்தது. "தண்ணி எச்சா ஊத்திப்போடாத அம்மணி, அழுகிப்போயிரும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அதற்குள் சமையலறைக்குப் போய்விட்டார்.

அந்தக் குட்டி அவள் வீட்டில் தங்கவில்லை. அவள் மாமியார் அதைச் சாக்கடையில் போட்டுவிட்டார். அவள் வந்து சொன்னாள், இன்னொன்று கொடுத்தேன். அதுவும் போயிற்று. மூன்றாவது தடவை அவள் வந்தபோது, என்னிடம் கேட்கவே வெட்கப்பட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் தொட்டியை எடுக்கப் போனேன். அத்தை முன்வாசலில் இறங்கி வந்தார். இத்தனை வருஷங்களில் முதல்முறை. வரிசையிலிருந்து ஒரு தொட்டியைத் தானே எடுத்தார்.

"வா, நானும் வாரேன்" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார். நான் சோற்றை வடித்துக்கொண்டிருந்தேன். அவள் மாமியாரிடம் என்ன சொன்னீர்கள் அத்தை என்று கேட்டேன். கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"என்ற பையன் லாரில அடிபட்டுச் செத்தான்னு சொன்னேன். உன்ற பையன் நெஞ்சுவலில செத்தான்னு சொன்னேன். வேற என்ன கண்ணு இருக்குது சொல்றதுக்கு?"

பிறகு தட்டை வைக்கச் சொன்னார். அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

அந்தக் குட்டி அங்கே நின்றது. அந்தப் பெண் கொஞ்சநாளில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தையல் மெஷின் போட்டுக்கொண்டாள். அத்தை சாயங்காலங்களில் அவள் மாமியாரோடு கோயிலுக்குப் போகப் பழகிவிட்டார். இரண்டு கிழவிகளும் முன்வாசல் வழியாகத்தான் போய்வருவார்கள். அவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்டதுமில்லை.

தொண்ணூறுகள் முடிகிற சமயத்தில் பட்டறைக்கு இன்னொரு லேத் வாங்கிப்போட்டேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டு, தம்பி இருந்திருந்தாலும் இப்போதைக்கு இதை வாங்கியிருக்க மாட்டான் என்றார். அவர் வாயிலிருந்து வந்ததில் அது பெரிய வார்த்தை. வீட்டுக்கும் வந்து காபி குடித்தார். போகும்போது வாசலில் கொஞ்சம் விலகித்தான் நடந்தார். அது அவர் பயம், அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மார்கழியில் மதிலை ஒட்டியிருந்த சிமெண்டுத் தளத்தை ஒரு முழ அகலத்துக்கு உடைக்கச் சொன்னேன். மேடாக மணலும் கல்லும் கொட்டி, தொட்டிகளில் இருந்த குட்டிகளையெல்லாம் கேட்டின் இரண்டு பக்கமும் மண்ணிலேயே நட்டோம். மகள் குழி தோண்டினாள். அத்தை மோடா போட்டு உட்கார்ந்து, இடைவெளி போதாது, இன்னும் தள்ளி வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தெருவில் புதிதாகக் குடிவந்திருந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டு, இது வாசலுக்கு ஆகுமாங்க என்று மரியாதையாகத்தான் கேட்டார். நாங்கள் மூன்றுபேரும் நிமிர்ந்து பார்த்தோம். எங்களில் மகள்தான் பதில் சொன்னாள், "எங்க ஊட்டுக்கு ஆகுமுங்க."